கொன்று காண்பதும் விட்டுக் காண்பதும்

ஓர் உயிரின் இயல்பை அறிய விரும்பி, அறியும் வழியிலேயே அவ்வுயிரைப் போக்கிவிட்டால், முடிவில் நாம் அறிந்தது எதனை? தத்துவ நூலோர் இக்கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளனர். ஆயின் பெரும்பாலும் சொல்லளவில் நின்றுவிட்டனர். சொல்லளவில் நில்லாது, கையில் கத்தியும் கண்ணில் பூதக்கண்ணாடியுமாக இதே கேள்வியோடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வந்திருப்பவர்கள் தாவர நூலார் ஆவர். அவர்களுடைய அனுபவத்தை எடுத்து ஆராயப் புகுந்தால், மனிதரை மனிதர் நோக்கும் முறையைப் பற்றியும் சில எண்ணங்கள் எழாமற் போகா. ஆதலின் வாசகர்கள் சற்றே பொறுமை கொண்டு ஒரு சிறு செடியின் உள்ளே நம்முடன் வருவார்களாக.

1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பார் தக்கையை மெல்லிய சீவலாகச் சீவிப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். தேனடையைப் போல அடுக்கடுக்காகச் சிற்றறைகள் தெரிந்தன. அவற்றுக்குச் சிற்றறை என்னும் பொருளிலேயே 'செல்' என்று பெயரிட்டார். இன்றளவும் உலகம் முழுவதும் உயிரின் அடிப்படை அலகுக்கு வழங்கிவரும் பெயர் இதுவே. ஆனால் தக்கையோ செத்த பட்டை. ஹூக் கண்டது குடியிருந்தவன் போன பின் எஞ்சிய சுவர்களை மட்டுமே. உயிரின் அலகுக்கு உலகம் சூட்டிய பெயரே ஓர் ஆளில்லா வீட்டைப் பார்த்துச் சூட்டிய பெயர் என்பது விந்தையிலும் விந்தை. நூறாண்டு கழிந்து, 1774இல், இத்தாலியரான கோர்த்தி என்பவர் 'காரா' என்னும் நீர்ப்பாசியின் உயிரணுவை உயிரோடு வைத்துப் பார்த்தபோதுதான், அவ்வறையின் உள்ளே ஏதோ ஒன்று ஓயாது சுழன்றோடுவதைக் கண்டார். வீட்டில் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தது. அவன் அங்கே என்ன செய்கிறான் என்பது தெரியவில்லை.

அவன் செய்யும் வேலைகளுள் ஒன்றையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். செடியின் உயிரணுவைச் சுற்றிலும் செல்லுலோஸ் இழைகளாலான சுவர் உண்டு. பீப்பாயைச் சுற்றி இரும்பு வளையங்கள் இறுக்கியிருப்பதுபோல இவ்விழைகள் குறுக்காகச் சுற்றியிருந்தால், உயிரணு பருக்க வழியின்றி நீளும், தண்டு உயரும், வேர் கீழிறங்கும். இழைகள் தாறுமாறாகக் கிடந்தால் உயிரணு பந்துபோல் ஊதும். ஆகவே ஒரு செடி செடியின் வடிவத்தைப் பெறுவது, இவ்விழைகள் எத்திசையில் படிகின்றன என்பதைப் பொறுத்தது. அத்திசையை வகுப்பது யார்? சுவருக்கு உட்புறத்தே, உயிரணுவின் மெல்லிய தோலை ஒட்டினாற்போல், புரதத்தாலான நுண்குழல்கள் படுத்திருக்கின்றன. ஒரு குழலின் குறுக்களவு 25 நானோமீட்டர். மனிதத் தலைமயிர் அதனினும் ஏறக்குறைய மூவாயிரம் மடங்கு பருமனானது. இவற்றோடு 'ஆக்டின்' என்னும் இன்னும் மெல்லிய இழைகளும் உண்டு; கோர்த்தி கண்ட சுழற்சியை நடத்துபவை அவையே. இவை யாவும் சேர்ந்ததை ஆங்கிலத்தார் உயிரணுவின் எலும்புக்கூடு என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். நமக்கு அப்பெயர் பிடிக்கவில்லை. எலும்பு கணத்துக்குக் கணம் மாறுவதன்று. இதுவோ கொத்தனார் கட்டும் சாரத்தைப் போன்றது. இங்கே அவிழ்த்து அங்கே கட்டப்படுவது. ஒரு குழலின் ஒரு நுனி நிமிடத்துக்குச் சில மைக்ரான் அளவு வளர்ந்துகொண்டே போகையில், மறு நுனி கரைந்துகொண்டே வரும். ஆதலால் சாரம் என்றே நாம் சொல்லுவோம்.

இத்தகைய பொருளைக் காண்பது எவ்வாறு? ஆணியடித்து நிறுத்தினால் அது சாரமாயிராது. நிறுத்தாவிட்டால் கண்ணுக்குப் புலப்படாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சியாளர்கள் முதல் வழியையே பற்றினர். உயிரணுவை அமிலத்திலோ வேறு மருந்திலோ இட்டுக் கொன்று, உறையச் செய்து, சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் அதன் நடுவே நூல் நூற்கும் கதிரைப் போன்ற ஓர் அமைப்பையும், அதில் மெல்லிய நூல்களையும் கண்டு படம் வரைந்தார்கள். உடனே ஒரு வழக்கு எழுந்தது. இந்நூல்கள் உயிருள்ளபோதே இருந்தவையா, அல்லது மருந்து பட்டுச் செத்தபின் தோன்றியவையா? இது வீண் ஐயமன்று. முட்டையின் வெண்கருவில் நூலும் இல்லை, வலையும் இல்லை. ஆனால் அதே மருந்துகளை அதில் ஊற்றினால் அழகான வலைப்பின்னல் தோன்றுகிறது என்பதை 1899இல் ஹார்டி என்னும் ஆங்கிலேயர் மெய்ப்பித்துக் காட்டினார். கொன்றவனே பிணத்தின் முகத்தை வரைந்துவிடுகிறான் என்பது இதன் பொருள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வழக்குத் தீரவில்லை.

தீர்த்து வைத்தவர் ஜப்பானியரான ஷின்யா இனோவே. இரண்டாம் உலகப் போர் முடிந்த வறுமைக் காலம். கழித்துப் போட்ட இயந்திரத் துப்பாக்கியின் அடித்தாங்கியை எடுத்து, அதன்மேல் தம் கையாலேயே ஒரு பூதக்கண்ணாடியை அமைத்தார் அவ்விளைஞர். கொல்லும் கருவியின் கால்களின் மேல் கொல்லாமற் காணும் கருவி ஏறி நின்றது. இதைக் கதையில் எழுதினால் மிகையென்று வாசகர் தள்ளிவிடுவர். நடந்ததாதலால் நாம் எழுதுகின்றோம். ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியை உயிரணுவினூடே செலுத்தினால், ஒரே திசையில் அடுக்கிய நூல்கள் உள்ள இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். கத்தி வேண்டா, சாயம் வேண்டா, மருந்து வேண்டா. பின்னர் அமெரிக்காவில் இருந்துகொண்டு, இக்கருவியை மேலும் செம்மை செய்து, கடற்புழுவின் முட்டையிலும் லில்லிப் பூவின் மகரந்தத் தாயணுவிலும் அந்நூல்கள் உயிரோடு தோன்றி உயிரோடு மறைவதை 1953இல் வெளியிட்டார். நூல்கள் உண்மையே. செத்தவை பொய் சொல்லவில்லை. ஆனால் உயிருள்ளதைப் பார்த்த பின்னரே, செத்தது மெய் சொல்லிற்று என்று நம்மால் துணிய முடிந்தது. இவ்விடம் நம் கேள்விக்கு மிக முக்கியமான இடமாகும்.

நிற்க. பிரியாத நேரத்தில், சுவரோரமாக, செல்லுலோஸின் திசையை வகுப்பது எது என்ற கேள்வி அப்படியே கிடந்தது. 1962இல் பால் கிரீன் என்னும் அமெரிக்கர் 'நைட்டெல்லா' என்ற பாசியின் நீண்ட உயிரணுவில் கொல்ச்சிசின் என்னும் நஞ்சைச் செலுத்திப் பார்த்தார். நீள வேண்டிய உயிரணு பந்தாக ஊதிற்று. கதிர்நூலைக் கரைக்கும் நஞ்சு இதையும் கெடுக்கிறதாகையால், கதிர்நூலைப் போன்ற ஏதோ ஒன்று சுவரோரமும் இருந்து திசை காட்டுகிறது என்று கண்ணாற் காணாமலே துணிந்து கூறினார். (இக்கொல்ச்சிசின் நம்மவர்க்கு அறிமுகமற்ற பொருளன்று. செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சு இதுவே. கார்த்திகைக் கிழங்கைத் தொட்டால் கை கழுவு என்று நம் பாட்டிமார் சொன்னதில் காரணம் இருந்தது.) மறு ஆண்டே, 1963இல், லெட்பெட்டர், போர்ட்டர் ஆகிய இருவர் வேர்நுனி உயிரணுக்களை எலெக்ட்ரான் பூதக்கண்ணாடியில் பார்த்து, கிரீன் சொன்ன இடத்திலேயே, சொன்ன திசையிலேயே நுண்குழல்கள் கிடப்பதைக் கண்டார்கள்.

அதற்கு முன்னரும் எலெக்ட்ரான் பூதக்கண்ணாடி இருந்ததே, ஏன் எவரும் காணவில்லை? முன்னர்க் கொன்றவர்கள் வேறு விதமாகக் கொன்றார்கள். ஆஸ்மியம் கலந்த குளிர்ந்த மருந்தில் இட்டார்கள். அதில் குழல்கள் கரைந்தொழிந்தன. இவர்கள் அப்போதுதான் வழக்குக்கு வந்த குளூட்டரால்டிஹைடு என்னும் மருந்தில் இட்டார்கள், குழல்கள் தங்கின. எவ்விதம் கொன்றோமோ அவ்விதமே பிணம் சாட்சி சொல்லுகிறது. ஒன்று இல்லை என்று கூறுமுன், நாம் நோக்கிய முறையே அதை அழித்துவிடவில்லையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் ஒரு குடும்பத்தைப் பற்றி, ஒரு சாதியாரைப் பற்றி, 'அவர்களிடம் அந்தக் குணமே கிடையாது' என்று எளிதில் சொல்லிவிடுகிறோமே, அங்கும் இக்கேள்வி பொருந்தும்.

செத்த படங்களைக் கொண்டே எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டுண்டு. 1966இல் பிக்கெட்-ஹீப்ஸ், நார்த்கோட் என்னும் இருவர் கோதுமையின் உயிரணுக்களில், பிரிவுக்குச் சற்று முன்பு, நுண்குழல்கள் ஒன்றுசேர்ந்து அரைஞாண் கட்டியதுபோல ஒரு பட்டையாகச் சுற்றியிருப்பதைக் கண்டார்கள். பிரிவு தொடங்குமுன் அப்பட்டை மறைந்துவிடுகிறது. ஆனால் புதிய குறுக்குச்சுவர் வந்து சேருமிடம் அப்பட்டை இருந்த இடமேயாகும். இதை அவர்கள் அறிந்தது எப்படி? பல உயிரணுக்களைப் பல கணங்களில் கொன்று, படங்களை வரிசைப்படுத்தி. நூறு பேரின் நிழற்படங்களைப் பரப்பி, குழந்தை, வாலிபன், கிழவன் என்று அடுக்கி, ஒரு மனிதனின் வாழ்வைச் சொல்வது போன்றது இது. அடுக்கு சரியாகவே இருந்தது. ஆயினும் எந்த ஒரு மனிதனின் வாழ்வும் அவ்வடுக்கில் இல்லை.

ஒரே உயிரணுவின் வாழ்வைத் தொடர்ந்து காண 1990 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் அமெரிக்காவில் ஹெப்லர் முதலானோர், விலங்கின் மூளையிலிருந்து எடுத்த நுண்குழற் புரதத்துக்கு ஒளிரும் சாயமிட்டு, டிரேடெஸ்காந்தியா என்னும் பூச்செடியின் மகரந்தத்தாள் மயிர் உயிரணுவுக்குள் மெல்லிய ஊசியால் ஏற்றினார்கள். விலங்கின் மூளைப் புரதம் செடியின் சாரத்தில் பிணக்கின்றிச் சேர்ந்து வேலை செய்தது. மூளை உயர்ந்தது, செடி தாழ்ந்தது என்னும் ஏற்றத்தாழ்வு உயிரணுவுக்குத் தெரியவில்லை போலும்.

அதன் பின்னர் ஊசியும் வேண்டாததாயிற்று. ஷிமோமுரா 1962இல் ஓர் இழுதுமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிப் புரதத்தின் மரபுக்கூற்றை மற்ற உயிர்களில் புகுத்தி ஒளிரச் செய்யலாம் என்று சால்ஃபி 1994இல் காட்டினார். சியென் அதற்குப் பல நிறங்களை உண்டாக்கித் தந்தார். மூவரும் 2008இல் நோபெல் பரிசு பெற்றனர். 1998, 1999ஆம் ஆண்டுகளிலேயே செடிகளின் நுண்குழல்களில் இவ்விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது. கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் களைச்செடியே இவ்வாராய்ச்சிக்கு இன்று தலைமைச் செடி. தின்னவும் உதவாத, பூசைக்கும் உதவாத அக்களையினுள்ளே 2003இல் குழல்கள் ஒரு முனையில் வளர்ந்து மறுமுனையில் கரைந்து நகர்வதைப் படம் பிடித்தனர். 2006இல் பாரெடெஸ், சோமர்வில், எர்ஹார்ட் ஆகியோர் அதனினும் அரிய காட்சியைக் கண்டனர். செல்லுலோஸை நெய்யும் புரதக் கூட்டங்கள், நிமிடத்துக்கு ஒரு மைக்ரானின் மூன்றிலொரு பங்கு வேகத்தில், நுண்குழல்களின் வழியே, தண்டவாளத்தின் வழியே செல்வதுபோல் சென்றன. பால் கிரீன் ஊகித்து 44 ஆண்டுகள் ஆன பின் அவ்வூகம் கண்முன் நடந்தது.

இத்துடன் கதை முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். முடியவில்லை.

உயிரோடு பார்க்கிறோம் என்று மகிழ்ந்தவர்கள், தாம் பார்க்கும் செடிகளில் சில முறுக்கிக்கொண்டு வளர்வதைக் கவனித்தார்கள். குழற்புரதத்தின் நுனியில் சிறியதொரு கூறு ஒட்டினாலே குழல்களின் நடத்தை மாறி, செடி வலமாகத் திருகும் என்று 2005இல் அபே, ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானியர் வெளியிட்டனர். ஆக்டின் இழைகளைக் காட்டுவதற்கென்று வைத்த ஒரு விளக்கு அவ்விழைகளின் ஒழுங்கையே குலைத்து உயிரணுவின் வளர்ச்சியையும் கெடுக்கிறது என்பது 2004இலேயே தெரிந்துவிட்டது. கையில் விளக்கைக் கொடுத்து 'நீ எப்போதும்போல் நட' என்கிறோம். விளக்கின் பாரத்தால் அவன் நடையே மாறிப்போகிறது.

இன்னும் கூர்மையான செய்தி 2013இல் வந்தது. இருட்டில் முளைத்த நாற்றின் தண்டில் நுண்குழல்கள் குறுக்கே கிடக்கும். நீல ஒளி பட்டால் அவை சில பத்து நிமிடங்களில் நெடுக்குவாட்டில் திரும்பிவிடும். குழலும் குழலும் குறுக்கிடும் இடத்தில் 'காட்டனின்' என்னும் புரதம் (கட்டானா என்ற ஜப்பானிய வாளின் பெயரால் வந்தது) வெட்டுகிறது. வெட்டுண்ட முனைகள் புதிதாக வளர்ந்து பெருகுகின்றன. இருட்டிலிருந்த நாற்று வெளிச்சம் கண்டதும் தன் சாரத்தை மாற்றிக் கட்டுகிறது. அதன் வாழ்வில் அது பெரிய திருப்பம். ஆனால் பச்சை விளக்குப் புரதத்தை ஒளிரச் செய்ய எந்த ஒளியைப் பாய்ச்சுகிறோம்? அதே நீல ஒளியை! பார்ப்பதற்காக நாம் திறந்த கண்ணே, செடிக்கு விடியலாகிவிடுகிறது. இருட்டில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கப் போனோம். கேட்ட மாத்திரத்தில் அதற்கு இருட்டு இல்லாமற் போயிற்று.

இவ்விடத்தில் ஒரு சாரார் எழுந்து, 'பார்த்தீர்களா! கொன்றாலும் பொய், விட்டாலும் பொய். விஞ்ஞானமே தன் கண்ணை நம்ப முடியாதென்று ஒப்புக்கொண்டது. ஆகவே எதையும் அறிய இயலாது. எவர் சொல்வதையும் அவரவர் விருப்பப்படி நம்பிக்கொள்ளலாம்' என்பர். இக்கூற்று மேற்பார்வைக்கு அடக்கமுடையதுபோல் தோன்றும். ஆயின் இதைப்போல் அகங்காரம் மிகுந்த கூற்று வேறில்லை. நம் கண்ணில் குறையிருக்கிறது என்பது உண்மை. அக்குறையைக் கண்டுபிடித்தது எது என்று அவர்கள் சொல்லட்டும். தெய்வ வாக்கா வந்து சொல்லிற்று? நீல ஒளி செடியைத் திருப்புகிறது என்று காட்டியதும் அதே பூதக்கண்ணாடிதான். விளக்கு வைத்த செடி முறுக்கியதை அறிந்ததும், விளக்கு வைக்காத செடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதனால்தான். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் பார்வை ஒன்று. தனக்குப் பிழையே இல்லையென்று சாதிக்கும் பார்வை மற்றொன்று. முன்னதன் ஒப்புதலை எடுத்துப் பின்னதற்கு நற்சாட்சிப் பத்திரமாக நீட்டுவது நேர்மையாகாது.

ஆனால் அவர்களுக்கு மறுமொழி சொன்னதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. கடினமான பகுதி இனிமேல்தான் இருக்கிறது. ஒரு செடியின் உயிரணுவைக் கொல்வது பாவமா என்ற வாதத்தில் நாம் இறங்கவில்லை. கீரை ஆய்ந்து உண்ணும் நமக்கு அவ்வாதம் பொருந்தாது. நாம் கேட்பது வேறு. நோக்குபவன் நோக்கப்படுவதற்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறானா?

பட்டிருக்கிறான் என்றே நாம் கருதுகிறோம். அக்கடன் இரக்கத்தினால் மட்டும் வருவதன்று, உண்மையின் பொருட்டே வருவது. இன்றைய ஆராய்ச்சிக் கூடங்களில் என்ன செய்கிறார்கள் பாருங்கள். செடி முழுவதையும் ஒளியில் முழுக்காட்டாமல், தாள்போன்ற மெல்லிய ஒளித்தகட்டைப் பார்க்க வேண்டிய தளத்தில் மட்டும் செலுத்துகிறார்கள். படங்களுக்கிடையே செடியை இருட்டில் இளைப்பாற விடுகிறார்கள். பச்சைக்குப் பதிலாக, கடற்பவளத்துக்கு உறவான உயிரிலிருந்து பெற்ற செந்நிற விளக்கை வைத்தால், நீல ஒளியின்றியே குழல்களைக் காணலாம். அப்போது நீல ஒளியை வேண்டியபோது மட்டும் தனியே கொடுத்து, அதனால் வந்த மாற்றம் எது, இயல்பான நடை எது என்று பிரித்தறியலாம். தண்டின் முளைநுனியில் ஓர் உயிரணுவைச் சுட்டழித்தால், சுற்றிலுமுள்ள உயிரணுக்களின் குழல்கள் அப்புண்ணைச் சுற்றி வளையமாகத் திரும்புகின்றன என்று ஹாமான் முதலியோர் 2008இல் காட்டினர். இழுவிசையைச் சாரம் உணர்கிறது. ஆகவே மேலே வைக்கும் கண்ணாடிச் சில்லின் அழுத்தத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டியதாயிற்று. இங்கே மென்மை என்பது நற்குணத்துக்காகப் பூண்ட அணியன்று. முரட்டுக் கைக்குப் பொய்ப்படமே கிடைக்கும்.

பால்மரம் சீவுகிறவர்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. பட்டையில் கத்தி ஆழ இறங்காவிட்டால் பால் குறையும். ஒரு மயிரிழை மிஞ்சி உள்ளே வளர்தோலைத் தொட்டுவிட்டால் மரம் புண்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பின்னொரு நாள் அவ்விடத்தில் கத்தியே ஓடாது. அவ்விடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையால் அறிந்தவர்களின் அறிவை எந்தச் சர்வகலாசாலையும் ஏட்டில் ஏற்றிப் பட்டம் கொடுத்ததில்லை. உயிருள்ள பொருளை, அது உயிரோடிருக்கும்படியே விட்டு அறிகின்ற அறிவு அது.

அதே தோட்டத்தில் வேறொரு வகைப் பார்வையும் இருந்தது. லயங்களைப் பார்வையிட மேலதிகாரி வருகிறார் என்றால், முதல் நாளே சுண்ணாம்பு அடிக்கப்படும், சாக்கடை கழுவப்படும், பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டப்படும். வந்தவர் கண்டதைக் கண்டபடியே எழுதிச் சென்றார். அவர் பொய் எழுதினார் என்று சொல்ல முடியாது. அவருடைய வரவே அவர் கண்ட காட்சியை உண்டாக்கிற்று என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. நீல ஒளியைப் பாய்ச்சிவிட்டுக் குழல்கள் இயல்பாகவே நெடுக்கில் கிடக்கின்றன என்று எழுதுபவருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? ஒன்று உண்டு. செடியை ஆராய்பவர் அவ்வாறு எழுதினால், அவருடைய தொழிலைச் சேர்ந்தவர்களே எழுந்து, விளக்கணைத்த செடி எங்கே என்று கேட்பார்கள். மனிதரைப் பற்றி எழுதும் அறிக்கைகளில் அவ்வாறு கேட்பவர் குறைவு.

ஏனெனில் நல்ல ஆராய்ச்சிக் கூடத்தில் படம் பிடிக்கும் செடியின் பக்கத்திலேயே இன்னொரு தட்டு இருக்கும். அதே நாளில் விதைத்த, அதே இனத்து நாற்றுகள், விளக்குப் புரதம் ஏற்றப்படாதவை, கண்ணாடியின் கீழ் வைக்கப்படாதவை, ஒளி பாய்ச்சப்படாதவை. அவற்றின் உள்ளே குழல்கள் எப்படிக் கிடக்கின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. அவை எவ்வளவு உயரம் வளர்ந்தன, நேராக வளர்ந்தனவா, வேர் எவ்வளவு நீளம் என்று மட்டும் அளவுகோல் கொண்டு அளந்து குறித்துக்கொள்கிறார்கள். அவ்வளவும் பார்த்த செடியின் அளவும் ஒத்து வந்தாலன்றிப் படத்தை அச்சுக்கு அனுப்புவதில்லை.